சோடா சிலிண்டரை நாமே நிரப்புதல்: ஒரு தராசுக் கணக்கு

சோடா இயந்திரத்தில் இருக்கும் சிறிய கரியமில வாயு சிலிண்டர் தீர்ந்துபோனால், காலியைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்கி வருவதுதான் வழக்கம். அப்படிக் கொடுக்கும் பணத்தில் வாயுவின் விலை சொற்பம். பெட்டி, போக்குவரத்து, கைமாறும் இடங்களின் லாபம் ஆகியவைதான் பெரும்பங்கு. அதே வாயுவை 10 கிலோ சிலிண்டராக எடுத்தால் கிராமுக்கு ஆகும் செலவு சில மடங்கு இறங்கிவிடுகிறது. மீன் தொட்டியில் இந்த வாயுவைச் செலுத்தி நீர்த்தாவரம் வளர்ப்பவர்களுக்கு இது பழைய செய்தி. அவர்களிடமிருந்துதான் நானும் கற்றுக்கொண்டேன்.

பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றும் அடாப்டரை வாங்கியதும் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அடாப்டர் இரண்டாம் பட்சம். முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும், குறைந்தது 3 கிலோ தாங்கும் மின்னணுத் தராசு. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் கட்சி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. மேலே மிச்சமுள்ள இடத்தில் அதன் ஆவி. 20 டிகிரி செல்சியஸில் அந்த ஆவியின் அழுத்தம் ஏறத்தாழ 57 பார் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). உள்ளே 400 கிராம் இருந்தாலும் சரி, 150 கிராம் இருந்தாலும் சரி, அழுத்தமானி அதே 57 பாரைத்தான் காட்டும். திரவம் முழுவதும் ஆவியான பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். 'மானி நிலையாக நிற்கிறது, நிரம்பிவிட்டது' என்று யாராவது சொன்னால், அவருக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது என்றே பொருள். எடை மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

எவ்வளவு எடை வரை நிரப்பலாம் என்பதைச் சிலிண்டரே சொல்கிறது. அதன் தோள்பகுதியில் பொறித்திருப்பதை நல்ல வெளிச்சத்தில் படிக்க வேண்டும். வெற்று எடை, நீர்க் கொள்ளளவு, சோதனை அழுத்தம், கடைசியாக அழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் அங்கே இருக்கும். மறுசோதனைக் காலம் நாட்டைப் பொறுத்தும் சிலிண்டரைப் பொறுத்தும் மாறுகிறது. 5 ஆண்டு, 10 ஆண்டு ஆகியவை பரவலாகக் காணப்படுபவை. தேதி கடந்துவிட்டால் முதலில் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆழமான கீறலோ, நசுங்கலோ, தீயில் பட்ட அடையாளமோ இருந்தால் சோதனைக்குக்கூட அனுப்பாமல் ஒதுக்கிவிடலாம். சிறிய சிலிண்டரின் அலுமினியம் சூடுபட்டால் வலுவிழக்கும். பழைய பெயிண்டைச் சூடுகாட்டி உரித்து, அழகாகப் புதுப் பூச்சு பூசிய சிலிண்டர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்றையும் பார்த்தேன்: சிலிண்டர் யாருடையது? சில நிறுவனங்கள் சிலிண்டரை விற்பதில்லை, வாடகைக்கு விடுகின்றன. அதை நாம் நிரப்பினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும், சில இடங்களில் சட்டத்தையும். நான் நிரப்புவது என் பெயரில் சொந்தமாக வாங்கிய சிலிண்டரை மட்டும்.

இனி கணக்கு. என் சிலிண்டரின் கொள்ளளவு 0.6 லிட்டர். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 0.68 கிலோ என்பது கரியமில வாயுவுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதன்படி 408 கிராம் வருகிறது. 250 பாரில் சோதித்த சிலிண்டர்களுக்கு விதிகள் இன்னும் சற்று இடம் கொடுக்கின்றன; 425 கிராம் என்று அச்சிட்ட 0.6 லிட்டர் சிலிண்டர்களைக் கடைகளில் காணலாம். என்னுடையதிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் நான் 400 கிராமில் நிறுத்திவிடுகிறேன். அந்த 25 கிராமால் கிடைப்பது மூன்று நான்கு லிட்டர் சோடா. அதற்காக எல்லையில் போய் நிற்க வேண்டியதில்லை.

பொறித்திருக்கும் வெற்று எடையில் வால்வு சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பது சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். அதனால் வாயுவை முழுக்க வெளியேற்றிவிட்டு, வால்வோடு சேர்த்து நானே எடைபோட்டு, அந்த எண்ணை அழியாத மையில் சிலிண்டரின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே, '+400' கூட்டினால் வரும் எண். நிரப்பும்போது மனக்கணக்குப் போட வேண்டியிருக்கக் கூடாது.

பெரிய சிலிண்டரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உள்ளே அடிவரை இறங்கும் குழாய் இருக்கும். நிமிர்ந்து நின்றபடியே திரவத்தைத் தரும். மற்றதில் அது கிடையாது. நிமிர்த்தி வைத்தால் வாயு வரும், திரவம் வேண்டுமானால் கவிழ்க்க வேண்டும். எஃகும் வாயுவும் சேர்ந்து ஓர் ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் கனமுள்ள சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்துவது எனக்குச் சரிப்படவில்லை. குழாய் உள்ள வகையைக் கேட்டு வாங்கினேன். அதைச் சுவரில் சங்கிலியால் கட்டி, 'திரவம் வரும், ரெகுலேட்டர் மாட்டாதே' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். வாயுவுக்காகச் செய்த ரெகுலேட்டருக்குள் திரவம் பாய்ந்தால் ரெகுலேட்டர் கெட்டுப்போகும்; அதற்கு அப்பால் இருக்கும் குழாய்க்கும் ஆபத்து. வாங்கும்போது உணவுத் தரம், அதாவது இ290 என்று குறித்த வாயுவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய தீயணைப்புக் கருவியிலிருந்து எடுக்கலாம் என்று சொல்லும் கெட்டிக்காரர்கள் உண்டு. உள்ளே என்ன எண்ணெய், என்ன துரு, எத்தனை ஆண்டு அழுக்கு என்று யாருக்கும் தெரியாது. குடிக்கும் தண்ணீரில் கலப்பதற்கு அது வேண்டாம்.

சிறிய சிலிண்டரின் வாயில் திருகி மாட்டும் மரை வகை, அழுத்திப் பொருத்தும் வகை என்று இரண்டு இருக்கின்றன. அடாப்டரை அதற்கேற்ப வாங்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்ததில் மூன்று அம்சங்களைக் கட்டாயமாகப் பார்த்தேன்: சிறிய சிலிண்டரின் வால்வு ஊசியை அழுத்தித் திறக்கத் தனிக் கைப்பிடி, ஓர் அழுத்தமானி, இடையில் சிக்கும் வாயுவை வெளியேற்ற ஒரு திருகு. மானி நிரப்பும் அளவைக் காட்டாது என்று மேலே சொன்னேன்; இரண்டு சிலிண்டர்களையும் இணைக்கும் குழாயில் இன்னும் அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டும். அதற்காகத்தான் அது.

காலிச் சிலிண்டரை அப்படியே மாட்டித் திறந்தால் பாதி நிரம்புவதற்குள் நின்றுவிடும். இரண்டு பக்கமும் அழுத்தம் சமமானதும் பாய்ச்சல் ஓய்ந்துவிடுவதே காரணம். சிறியதைக் குளிரவைத்தால் இந்தச் சிக்கல் தீர்கிறது. ஃப்ரீசரின் −18 டிகிரியில் கரியமில வாயுவின் ஆவி அழுத்தம் சுமார் 21 பார்தான். அறையில் இருக்கும் பெரிய சிலிண்டரில் 57. இந்த வித்தியாசம் திரவத்தைத் தள்ளிவிடுகிறது. அதனால் காலிச் சிலிண்டரை முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். பெரியதைச் சூடாக்கி அழுத்தத்தைக் கூட்டுவது என்ற எதிர்வழியை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

ஆனால் எடையைப் பார்க்காமல் நிரப்புகிறவருக்கு இந்தக் குளிர்தான் எமன். குளிர்ந்த திரவம் அடர்த்தியானது. −18 டிகிரியில் ஒரு லிட்டர் இடத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் அடங்கும். 20 டிகிரியில் அதே இடத்தில் 0.77 கிலோதான். 0.6 லிட்டர் சிலிண்டரில் 408 கிராம் இருந்தால், ஃப்ரீசர் குளிரில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தைத் திரவம் அடைத்திருக்கும். அறை வெப்பத்துக்கு வந்ததும் அதே 408 கிராம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வீங்கிவிடும். இப்போது யாரோ ஒருவர் குளிரில் கொள்ளும் மட்டும் நிரப்பி 600 கிராமை அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு வரும் வழியிலேயே திரவத்துக்கு விரிய இடம் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் பல பார் வீதம் அழுத்தம் ஏறும். வால்வில் இருக்கும் பாதுகாப்புத் தகடு கிழிந்து எல்லா வாயுவும் பெருஞ்சத்தத்தோடு சீறி வெளியேறும். அந்தத் தகடு இருப்பதால் சிலிண்டரே வெடிக்காமல் தப்பிக்கும் என்பதுதான் ஆறுதல்.

அளவாக நிரப்பினாலும் வெப்பம் பொல்லாதது. 31 டிகிரிதான் இந்த வாயுவின் நிலைமாறு வெப்பநிலை. அதற்கு மேல் திரவம், ஆவி என்ற பிரிவே இருக்காது. அழுத்தம் மட்டும் விறுவிறுவென ஏறும். நிரப்பும் வரம்புகளை 65 டிகிரிச் சூட்டிலும் சோதனை அழுத்தத்தைத் தாண்டாதபடி வகுத்திருக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காரில் நிறைந்த சிலிண்டரை விட்டுவைப்பது அந்த முன்னேற்பாட்டைச் சோதித்துப் பார்க்கும் வேலை.

நிரப்பும் இடமாக நான் வைத்திருப்பது திறந்த வெளி. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தாழ்ந்த இடத்தில் தேங்கும். 400 கிராம் வெளியேறினால் ஏறத்தாழ 220 லிட்டர் வாயு. அது பெரிய விஷயமில்லை. பெரிய சிலிண்டரின் 10 கிலோவும் கசிந்தால் 5 கன மீட்டருக்கு மேல். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள மூடிய அறையில் அது காற்றில் ஐந்தில் ஒரு பங்கு. 4 சதவீதத்திலேயே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்பாதுகாப்பு வரையறைகள் சொல்கின்றன. ஆகவே பெரிய சிலிண்டரை நிலவறையிலோ படுக்கையறையிலோ வைக்கவே கூடாது.

கண்ணாடி, தடித்த கையுறை, காதடைப்பான் மூன்றையும் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவேன். பெரிய சிலிண்டரின் வாயில் புது நைலான் வாஷர் வைத்து ஸ்பேனரால் இறுக்குவேன். சிறியதைக் கையால் திருகினாலே போதும். அங்கே அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், ஸ்பேனரின் பலம் அல்ல. வெளியேற்றும் திருகை மூடிவிட்டு, பெரிய வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறப்பேன். சவர்க்கார நீரை எல்லா இணைப்புகளிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே ஊசிக் கைப்பிடியை அழுத்துவேன். 'உஸ்' என்ற கூர்மையான சீறல், அது கனத்த ஓசையாக மாறுவது, பிறகு மெல்ல ஓய்வது. குழாயின் வெளிப்புறம் வெண்மையாக உறைந்துவிடும். ஓசை அடங்கியதும் முதலில் ஊசியை விட்டு, அடுத்துப் பெரிய வால்வை மூட வேண்டும்.

இந்த இடத்தில்தான் கவனம் மிக அதிகமாகத் தேவை. இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றன. நடுவில் உள்ள குழாயில் திரவம் சிக்கியிருக்கிறது. வெளிக்காற்றின் வெப்பத்தில் அது விரியத் தொடங்கும், போக இடமில்லை. அதனால் மூடிய கையோடு வெளியேற்றும் திருகைத் திறந்துவிட வேண்டும், தேநீர் குடித்துவிட்டு வந்து அல்ல. திறந்ததும் வெண்புகை சீறும், சில நொடிகளில் நின்றுவிடும். நின்றுவிட்டதால் குழாய் காலி என்று முடிவு செய்துவிடக் கூடாது. 5.2 பாருக்குக் கீழே திரவக் கரியமில வாயு என்று ஒன்று கிடையாது. அது நேரடியாக −78 டிகிரி உலர்பனியாக உறைந்துவிடும். அந்தப் பனி திருகின் சிறு துளையை அடைத்துக்கொண்டு, பின்னால் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். மானியின் முள் பூச்சியத்தில் படிந்த பிறகும் நான் உடனே கழற்றுவதில்லை. திருகைத் திறந்தபடியே வைத்துக் காத்திருப்பேன். பல நேரம் அமைதியாக இருந்த துளை திடீரென்று மறுபடி ஒரு சீறல் சீறி, உப்புப் பொடி போன்ற பனித்துகளைத் துப்பும். இரண்டாவது சீறலும் ஓய்ந்து, குழாயைக் கையால் வளைத்தால் தளர்வாக வளைந்தால்தான் சிறிய சிலிண்டரைக் கழற்றுவது.

கழற்றியதும் தராசு. அதற்கு முன்னால் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து வந்த சிலிண்டரின் மேல் காற்றின் ஈரம் உறைபனியாகப் படிந்து பல கிராம் எடையைக் கூட்டிவிடும். தராசின் மேல் வைத்தபடியே நிரப்பலாமே என்று தோன்றும். விறைத்த குழாய் சிலிண்டரை இழுத்துப் பிடித்து எண்ணைத் தாறுமாறாக்கும். கழற்றி, துடைத்து, தனியாக நிறுத்தி எடைபோடுவதுதான் முறை.

எடை குறைவாக இருந்தால் மறுபடி மாட்டி, ஊசியை அழுத்திக்கொண்டு வெளியேற்றும் திருகைச் சற்றே திறந்து சிறியதிலிருந்து கொஞ்சம் வாயுவை விடுவேன். ஆவி வெளியேறும்போது சிலிண்டர் தானாகக் குளிரும், அழுத்தம் இறங்கும், அடுத்த பாய்ச்சலில் இன்னும் கொஞ்சம் திரவம் ஏறும். எடை கூடுதலாக இருந்தால் விவாதமே இல்லை: சிலிண்டரை நிமிர்த்திப் பிடித்து, அதே அடாப்டர் வழியாக அதிகப்படியை அந்த இடத்திலேயே வெளியேற்றிவிட வேண்டும். '10 கிராம்தானே, இன்றைக்கே பயன்படுத்திவிடுவோம்' என்ற பேச்சு வேண்டாம். கூடுதலாக நிரம்பிய சிலிண்டரை இயந்திரத்தில் மாட்டினால் வாயுவுக்குப் பதில் திரவம் உள்ளே பாயும் வாய்ப்பும் இருக்கிறது.

நிரப்பிய சிலிண்டரை ஓர் இரவு வெளியே நிழலில் நிறுத்திவைத்து, காலையில் மறுபடி எடைபோடுகிறேன். ஒரு கிராம்கூடக் குறையாமல் இருந்தால்தான் இயந்திரத்துக்குப் போகும். கசிவு இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி வால்வு ஊசியின் அடியில் படிந்த தூசிதான். ஊசியை ஒரு நொடி தட்டிவிட்டால் சரியாகிவிடும்.

ஓ-ரிங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண ரப்பர், அதிக அழுத்தத்தில் கரியமில வாயுவைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். அழுத்தம் சட்டென்று இறங்கியதும் உள்ளே போன வாயு வெளியேற வழி தேடி ரப்பரை உப்பவைக்கும். சில வேளை கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும். இப்போதுதான் கழற்றிய வளையம் பள்ளத்தில் திரும்ப உட்காராமல் பிதுங்கி நிற்பதைப் பார்த்தால் அளவு தவறு என்று நினைக்கத் தோன்றும். சில மணி நேரம் விட்டுவைத்தால் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும், ஆனாலும் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கலாம். நான் பாலியூரித்தேன் வளையங்களுக்கு மாறிவிட்டேன். அவை இந்தத் தொல்லையை நன்றாகத் தாங்குகின்றன.

சிக்கனத்தைப் பேசும்போது ஒரு கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 10 கிலோ சிலிண்டரிலிருந்து 10 கிலோவையும் மாற்ற முடியாது. அதன் கொள்ளளவு 15 லிட்டருக்கு அருகில். திரவம் தீர்ந்த பிறகும் அந்த இடம் முழுவதும் 57 பார் ஆவி நிறைந்திருக்கும். 20 டிகிரியில் அதன் எடை கிட்டத்தட்ட 3 கிலோ. திரவமாகக் கைக்கு வருவது 7 கிலோ சொச்சம்தான். ஒவ்வொரு தடவையும் குழாயில் போகும் இழப்பையும் கழித்தால், 400 கிராம் வீதம் சுமார் 16 நிரப்பல் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்ச ஆவியையும் பிடிக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஆவி சிறிய சிலிண்டருக்குள் போய்த் திரவமாகும்போது வெப்பத்தை வெளிவிடும். திரவம் ஏறும்போது பனிபூத்த அதே சிலிண்டர் இப்போது கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். அத்தோடு பாய்ச்சலும் நின்றுவிடும். உப்பும் பனிக்கட்டியும் கலந்த வாளியில் சிறியதை நிறுத்திவைத்தால் மேலும் சில அரைகுறை நிரப்பல்கள் கிடைக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 முதல் 8 கிராம் வாயு கரையும் என்று கொண்டாலும், இயந்திரம் அழுத்தத்தை வெளிவிடும்போது கணிசமான பங்கு வீணாகிறது. அடாப்டர், தராசு, பெரிய சிலிண்டரின் வைப்புத்தொகை, மறுசோதனைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினால், வாரத்துக்கு ஓரிரு லிட்டர் குடிப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. தினமும் குடிக்கும் பெரிய குடும்பத்துக்கும், மீன் தொட்டிக்கும் சேர்த்துப் பயன்படுத்துபவருக்கும்தான் லாபம்.

இதே முறையில் முகாம் அடுப்பின் எரிவாயுக் குப்பிகளையும் நிரப்பலாமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை, செய்யச் சொல்வதுமில்லை. புரொப்பேனின் அழுத்தம் கரியமில வாயுவைவிட மிகக் குறைவு என்பதால் அது சாது போலத் தெரிகிறது. ஆனால் காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமாகையால் தரையோடு ஊர்ந்து போய், தூரத்தில் இருக்கும் நெருப்பை எட்டும். அங்கேயும் திரவம் விரிய இடம் விட வேண்டும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. மீண்டும் நிரப்புவதற்கென்றே செய்த குப்பிகள் பலவற்றில் அதைக் காட்டும் அளவுத் திருகு இருக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குப்பியில் அது இல்லை; வால்வும் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் செய்ததில்லை. 'மீண்டும் நிரப்பாதே' என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். நிரப்பத் தகுந்த எரிவாயுச் சிலிண்டரைக்கூட உரிமம் பெற்ற நிரப்பு நிலையத்துக்கு எடுத்துப் போவேன். கரியமில வாயுவில் குழாய் விட்டுப்போனால் பனிக்கொப்புளம், எரிவாயுவில் வீடு.

பெரிய சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது அடியோடு காலிசெய்வதில்லை. உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிஞ்சியிருந்தால் வெளிக்காற்றும் ஈரமும் நுழையாது. ஈரம் நுழைந்தால் கரியமில வாயுவோடு சேர்ந்து அமிலமாகி எஃகை உள்ளிருந்து அரிக்கும். சிறிய சிலிண்டருக்கும் அதே காரணத்துக்காக, வாயு தீர்ந்ததும் ஊசியைத் திறந்தபடி விடாமல் மூடியைப் போட்டு வைக்கிறேன். பெரியதன் வால்வை இறுக்கி மூடி, பாதுகாப்புத் தொப்பியைத் திருகி, நிமிர்த்திக் கட்டி எடுத்துப் போனால் கொடுக்கும் இடத்தில் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.